எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் வீடு குமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டில். கேரள எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் பூவாறு. நெய்யாறு கடலில் சேருகிற அந்தப் பொழிக்கரையில்தான் படகு எஞ்சின் வேலை கற்றுக்கொண்டேன். இருபத்துமூன்று வருடமாக அதுதான் பிழைப்பு. பூவாறு, கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல், ஆலப்புழை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம்.

முன்பெல்லாம் மீன்பிடி வள்ளமும் ஹவுஸ்போட்டும்தான் என்னிடம் வரும். இப்போது வேறு ஒரு கேள்வியும் வருகிறது. வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், காயல் கரையில் ஒரு வீடு வாங்கியவர்கள், பிள்ளைகளை ரப்பர் டியூபில் உட்காரவைத்து இழுக்கவும் தண்ணீரில் சறுக்கப் பழக்கவும் ஒரு போட் வேண்டும் என்கிறார்கள். புதுசுக்குப் பணம் கட்டாது. பழையதாகத் தேடுகிறார்கள். "அண்ணே, ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், வந்து சொல்லுங்க" என்று போன் வரும். அங்கே போனால் நான் என்னென்ன பார்ப்பேன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில், எந்த வகை போட்? நம் கடற்கரையில் எல்லோரும் அறிந்தது பின்னால் தொங்கும் வெளி எஞ்சின். இன்னொரு வகையில் எஞ்சின் உள்ளே இருக்கும், அதன் கால் மட்டும் படகின் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். மூன்றாவதுதான் முழு இன்போர்ட். எஞ்சின் உள்ளே, அதிலிருந்து ஒரு தண்டு சாய்வாக அடிப்பக்கம் இறங்கும், அதன் முனையில் ப்ரொப்பல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். ப்ரொப்பல்லர் படகின் அடியில் உள்வாங்கி இருப்பதால், பின்பக்கம் தண்ணீரில் கிடக்கிற பிள்ளையின் கால் அதில் மாட்டும் ஆபத்து மற்ற இரண்டையும்விடக் குறைவு. ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் நின்றிருக்கத்தான் வேண்டும். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இன்போர்ட்டையே சொல்வேன்.

இந்த விளையாட்டு அமெரிக்காவில் தொடங்கியது. 1922-இல் மின்னசோட்டாவில் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவெல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன் இரண்டு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னால் சறுக்கிக் காட்டினான். பிறகு இதற்கென்றே படகு கட்டும் கம்பெனிகள் வந்தன. கரெக்ட் கிராஃப்ட், மாஸ்டர்கிராஃப்ட் போன்ற பெயர்களைப் பழைய படகுகளில் பார்க்கலாம். எஞ்சின் நடுவில் இருந்தால் பின்னால் எழும் அலை சின்னதாக இருக்கும், இரண்டு பலகைச் சறுக்கலுக்கு நல்லது. எஞ்சின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தால் அதற்கு வி-டிரைவ் என்று பெயர். அதில் பின்பாரம் அதிகம், அலை பெரிதாக எழும், நடுவில் இடம் தாராளம். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு வி-டிரைவ் வசதி.

இனி ஒரு சம்பவம். கொல்லத்தில் ஒரு வி-டிரைவ் போட். வாங்க வந்தவர் மார்த்தாண்டத்துக்காரர், மஸ்கட்டில் இருந்து திரும்பியவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா என்று எல்லோரும் வந்திருந்தார்கள். காலை எட்டு மணி. படகு பளபளவென்று மின்னியது, இருக்கையெல்லாம் புதுத் தையல். புரோக்கர் சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பில் எஞ்சின் எடுத்துக்கொண்டது. "சேட்டா, பக்கா கண்டிஷன்" என்றார். கூடவே நான் மூடியைத் தூக்கி, புகை வெளியேறும் இரும்பு மேனிஃபோல்டில் கையை வைத்தேன். இப்போதுதான் திருப்பிய எஞ்சின் அது. கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. நாங்கள் வருவதற்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள்.

அன்று ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் காலை ஆறரைக்குப் போனோம். இரும்பு சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினால் ஐந்து தடவை முக்கி, ஆறாவதில்தான் எடுத்தது. வெள்ளைப் புகை வந்தது, கலையவே இல்லை. நிறுத்திவிட்டு ஆயில் குச்சியை உருவினேன். நுனியில் பால் டீ நிறத்தில் ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அம்மா என் பக்கத்தில் நின்று குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மக்களே, இது கொள்ளாதா?" என்று கேட்டார். கொள்ளாது அம்மா என்றேன்.

அந்தத் தண்ணீர் எப்படி உள்ளே போனது? கார் மாதிரி இல்லை, படகு எஞ்சின் தன்னைக் குளிரவைக்கக் காயலின் தண்ணீரையே உறிஞ்சுகிறது. அந்தத் தண்ணீர் மேனிஃபோல்டைச் சுற்றி ஓடி, புகையோடு சேர்ந்து வெளியே போகிறது. உப்புத் தண்ணீர் என்றால் இரும்பை உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே வரும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். ஒருநாள் உள்சுவர் ஓட்டையாகி, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். உப்பில் ஓடும் எஞ்சினுக்கு மேனிஃபோல்டு ஐந்தாறு வருடத்தில் தேய்ந்துபோகிற உதிரிப்பொருள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், பில்லையும் கேளுங்கள்.

நம் பக்கத்தில் விற்பவர்கள் வாயில் முதலில் வரும் வார்த்தை, "காயலில்தான் ஓடியது, கடலுக்கே போனதில்லை." இதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். ஆனி, ஆடி மழையில் காயல் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும். அதே காயலில் மாசி, பங்குனியில் கடல் ஏறிவரும். பூவாறு பொழிப்பக்கம் கோடையில் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்தக் காயல், பொழியிலிருந்து எவ்வளவு தூரம், வருடத்தில் எந்த மாதங்களில் ஓடியது என்று கேட்கவேண்டும். வளைகுடாவில் ஓடிய படகு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கடல் நம் கடலைவிட உப்பு கூடியது.

எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை எல்லோரும் பார்க்கிறார்கள். பத்து வருடப் படகில் எண்பது மணி என்று காட்டினால் நான் சந்தோஷப்படமாட்டேன், எங்கே கிடந்தது என்று கேட்பேன். ஓடாமல் கிடந்த எஞ்சினில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், டேங்கில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். வாராவாரம் ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய ஐந்நூறு மணி எஞ்சின் எவ்வளவோ மேல்.

எஞ்சினைக்கூட மாற்றலாம். படகின் எலும்பு போனால் மாற்றுவது கஷ்டம். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் தரைக்கு அடியில் நீளவாக்கில் மரச்சட்டங்கள் ஓடும், அவற்றை ஃபைபரால் மூடியிருப்பார்கள். ஒரு திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்தால் போதும், மரம் உள்ளே மக்கிவிடும். எஞ்சின் உட்கார்ந்திருப்பதே அந்தச் சட்டத்தின் மேல்தான். நான் ஒரு சின்ன மரச்சுத்தியல் வைத்திருக்கிறேன். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வருவேன். டக் டக் என்று கெட்டியாக வரும் சத்தம் ஓரிடத்தில் தொப் என்று மாறினால் அங்கே நின்றுவிடுவேன். எஞ்சின் தாங்கியின் போல்ட்டை ஸ்பேனர் வைத்துத் திருப்பிப் பார்ப்பேன். இறுகாமல் சும்மா சுற்றினால் அடியில் மரமே இல்லை. தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள், மெத்தென்று அமுங்கும் இடம் காலுக்குத் தெரியும்.

படகைத் தண்ணீரை விட்டு மேலே ஏற்றாமல் பணம் கொடுக்காதீர்கள். இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், மேலே ஏற்ற கிரேன் வாடகை அதிகம் என்று ஒருவர் தயங்க, நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். தண்டு வெளியே போகிற இடத்தில் சீல் தேய்ந்திருந்தது. இரண்டாவது வாரம், டியூபில் பையன்களை இழுத்துக்கொண்டிருக்கும்போதே தரைக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த வள்ளக்காரர்கள்தான் எல்லோரையும் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறும். பழைய வகைக் கயிற்று சீலில் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது சரியானதுதான், அதுதான் தண்டைக் குளிரவைக்கிறது. நூலாக ஒழுகினால் சரியில்லை. மேலே ஏற்றியதும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், கடகடவென்று ஆடக்கூடாது. ப்ரொப்பல்லரை விரலால் சுண்டுங்கள். நல்ல வெண்கலம் மணி போல ஒலிக்கும். சிவந்துபோய் மொத்தையாக ஒலித்தால் மின்னரிப்பு தின்றுவிட்டது. தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தில், படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், பெட்ரோல். இதில் யாரும் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிக்குழியில் போய்த் தேங்கும். அதனால் படகுக்கென்று வரும் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை. விலை குறைவு என்று கார் சாமானை மாட்டிய படகுகளை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் கழற்றச் சொல்லிவிடுவேன். ஸ்டார்ட் செய்யும் முன் நாலு நிமிடம் அடிக்குழியின் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓடவேண்டும். அது வேலை செய்கிறதா என்று வெளித்துவாரத்தில் கை வைத்துப் பாருங்கள். மூக்கையும் பயன்படுத்துங்கள். பின்பக்க மேடையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகைக்குழாய் அங்கேதான் இருக்கிறது. அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணம் கிடையாது, மயங்கித் தண்ணீரில் விழுந்தால் ஒருவருக்கும் தெரியாது.

படகில் யாராவது கைவைத்து மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மேலே ஏற்றிய கூரை, இழுகயிறு கட்டும் உயரமான கம்பிச்சட்டம், கூட்டிப்போட்ட இருக்கைகள் எல்லாம் பாரத்தை மேலே கொண்டுபோகும். 2023 மே 7-ஆம் தேதி கேரளத்தில் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கட்டியவர் குறித்த ஆள் எண்ணிக்கை படகிலேயே ஒரு தகட்டில் இருக்கும். தகடு இல்லாத படகை நான் பரிந்துரைப்பதில்லை.

காகித விஷயம் சுருக்கமாக. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்துவிட்டது. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு மற்ற மாநிலங்களிலும் செல்லும். எல்லையில் இருக்கும் நமக்கு இது நல்லது. சான்றிதழில் உள்ள எண்ணும், படகின் உடலிலும் எஞ்சினிலும் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

கடைசியில் ஓட்டிப் பார்க்கும் நாள். புரோக்கரோடு இரண்டு பேராகப் போகாதீர்கள், யார் யார் ஏறப்போகிறார்களோ எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பாரத்தோடு முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடட்டும், வெப்பமானி முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். இன்போர்ட் பின்னால் போகும்போது சுக்கானுக்குச் சரியாகக் கட்டுப்படாது, ஒரு பக்கமாக இழுக்கும். அது பழுதில்லை, அதன் குணம். கரையணைக்கப் பழக ஒரு மாதம் ஆகும்.

ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். பூவாறிலேயே வைத்து ஓட்ட இன்போர்ட் வாங்காதீர்கள். தண்டும் சுக்கானும் அடியில் நீண்டிருக்கும், தூக்க முடியாது. பொழியில் மணல்திட்டு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். அஷ்டமுடி போல அகலமான, ஆழமான நீர் வேண்டும். அங்கேயும் சீனவலையும் வலைக்குற்றிகளும் இல்லாத பக்கமாகப் பார்த்து, அந்த ஊர் மீன்பிடிக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இழுக்கவேண்டும். தோட்டுக்குள், அதாவது குறுகலான வாய்க்காலுக்குள், வேகம் போனால் அலை கரையைக் கரைக்கும், சின்ன வள்ளங்களைக் கவிழ்க்கும். ஓட்டுபவர் முன்னால் பார்க்க, டியூபைப் பார்க்க மட்டும் இன்னொரு பெரியவர் கட்டாயம் படகில் இருக்கவேண்டும்.

அந்த மார்த்தாண்டத்துக் குடும்பம் நாலு மாதம் பொறுத்திருந்து வேறு ஒரு படகு வாங்கியது. இருக்கையெல்லாம் வெயிலில் வெளுத்தது. ஆனால் அடிக்குழி உலர்ந்து கிடந்தது, ஆறிய எஞ்சின் இரண்டாவது திருப்பில் எடுத்தது. வாங்கிய அன்றே தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்றிக் கொடுத்தேன். பழையதைக் கையில் எடுத்தபோது ஆறு இதழில் இரண்டு ஒடிந்து போயிருந்தன. ஒடிந்த துண்டுகளைக் குழாய்க்குள் தேடி எடுக்க எனக்கு மதியம் வரை ஆனது. நீங்கள் எந்தப் படகை வாங்கினாலும் முதல் வேலையாக இம்பெல்லரை மாற்றிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.