தியானப் பாயைச் சுருட்டி வைக்கிறது யாரு?

[திரையில்: லிஃப்ட் கதவு. பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட போஸ்டர்.]

வணக்கம். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல, தரைத்தளத்து லிஃப்டுக்குப் பக்கத்துல ஒரு போஸ்டர் இருக்கும். நேர்மை, மரியாதை, கருணை. மூணே வார்த்தை, பின்னணியில சூரிய உதயம். அதுக்குக் கீழேயே, ஏ4 தாள்ல பிரிண்ட் எடுத்து செல்லோ டேப் போட்டு ஒட்டின இன்னொரு அறிவிப்பு: "ஹவுஸ் கீப்பிங் ஊழியர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்." ஆறு மாடிக் கட்டடம். ரெண்டையும் தினமும் படிச்சிட்டுத்தான் லிஃப்ட்ல ஏறுவோம். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நானும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு கான்ஃபரன்ஸ் ரூம்ல தியானம். நாற்காலியெல்லாம் ஓரங்கட்டிட்டு பாய் விரிப்பாங்க. பயிற்சியாளர் ஒருத்தர் வந்து, "மூச்சை மட்டும் கவனிங்க"ம்பாரு. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருக்கும். இருபது நிமிஷம் போனைத் தொடாம இருந்ததே பெரிய விடுதலை. முடிஞ்சு கண்ணைத் திறந்தா, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு அக்கா நிப்பாங்க. பாயைச் சுருட்டி வைக்க வந்தவங்க. ஆறு மாடி படியேறி வந்திருப்பாங்க. நாங்க மனசு லேசாகி டீ குடிக்கப் போவோம். ரெண்டு வருஷம் அங்க இருந்தேன். அந்த அக்கா பேரு எனக்குத் தெரியாது.

[திரையில்: தலைப்பு அட்டை.]

வேலை செய்யற இடத்துல மனித மதிப்பீடுகள், மதம் சாராத ஆன்மிகம். இந்தப் பேச்சு இப்போ நிறைய கேக்குது. "மதம் சாராத ஆன்மிகம்"னா என்னன்னு ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வாங்க. நான் இந்த வீடியோவுல எடுத்துக்கறது ரொம்பச் சின்ன அர்த்தம்தான்: கடவுள் இருக்காரா இல்லையாங்கிற கேள்விக்கே போகாம, "நான், என் வேலை, என் அப்ரைசல்"ங்கிற வட்டம் கொஞ்சம் பெருசாகி, பக்கத்துல இருக்கறவங்க வலியும் நம்ம கணக்குல வர்றது. அவ்வளவுதான். இதுக்கு விபூதியும் வேணாம், மெழுகுவர்த்தியும் வேணாம்.

தியானம் மதத்தை விட்டுத் தனியா வெளியே வந்த கதை சுருக்கமா. 1979ல அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில ஜான் கபாட்-ஜின் ஒரு பயிற்சியை ஆரம்பிக்கிறாரு. பௌத்தத் தியான முறைகள்தான், ஆனா புத்தர் இல்ல, மந்திரம் இல்ல. தீராத வலியோட இருந்த நோயாளிகளுக்காக வந்தது. அங்கேர்ந்து மெல்ல அலுவலகங்களுக்குள்ள நுழைஞ்சது. 2007ல கூகுள்லயே ஒரு இன்ஜினியர், சேட்-மெங் டான், சக ஊழியர்களுக்கு வகுப்பு ஆரம்பிச்சாரு. அப்புறம் உலகம் பூரா ஹெச்.ஆர். துறைகள் பிடிச்சுக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா, செலவு கம்மி. ஆள் எடுக்கறதை விட, ஷிஃப்டைக் குறைக்கறதை விட, ஒரு ஆப் வாங்கித் தர்றது மலிவு. இது என் கருத்து. கமெண்ட்ல சண்டைக்கு வரலாம்.

[திரையில்: 46,336 பணியாளர்கள். 233 நிறுவனங்கள்.]

இதெல்லாம் பலன் தருதா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல வில்லியம் ஃப்ளெமிங்ங்கிற ஆய்வாளர், பிரிட்டன்ல 233 நிறுவனங்கள்ல வேலை பார்க்கற 46,336 பேரோட தகவலை எடுத்துப் பார்த்தாரு. 2024ல வெளிவந்த ஆய்வு. மனநல ஆப், மன உறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, இப்படிப்பட்டதுல கலந்துக்கிட்டவங்க, கலந்துக்காதவங்களை விட நல்லா இருந்ததா தெரியல. ஒரே சமயத்துல எடுத்த கணக்கெடுப்புங்கறதால, இதை மட்டும் வச்சு "தியானமே வீண்"னு சொல்லிட முடியாது. ஆனா அதுல ஒரு விதிவிலக்கு இருந்தது: அடுத்தவங்களுக்காக உழைக்கிற தன்னார்வப் பணி, தொண்டு. அதுல ஈடுபட்டவங்க கிட்ட மட்டும் கொஞ்சம் நல்ல மாற்றம் தெரிஞ்சது. தன்னையே பார்த்துக்கிட்டு உக்கார்ந்தவங்களை விட, வெளியே பார்த்தவங்க தேவலை.

சரி, அப்போ நல்ல மனசு இருந்தா போதுமா? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சோதனையைச் சொல்லணும்.

[திரையில்: இரண்டு கட்டடங்கள், நடுவில் குறுகலான சந்து. வாசற்படியில் சுருண்டு கிடக்கும் ஒரு மனிதன். கோட்டோவியம்.]

அமெரிக்காவுல பிரின்ஸ்டன். பாதிரியார் ஆகப் படிக்கிற இறையியல் மாணவர்கள் 40 பேர். உளவியலாளர்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973ல வெளியிட்ட ஆய்வு இது. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, "பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்ன உரை ஆத்தணும்"ங்கறாங்க. பாதிப் பேருக்குத் தலைப்பு என்ன தெரியுமா? பைபிள்ல இயேசு சொல்ற நல்ல சமாரியர் கதை. அடிபட்டு வழியில கிடக்கறவனை, யூத குருவும், கோயில் பணி செய்யற லேவியனும் கண்டும் காணாம விலகிப் போக, யூதர்கள் மதிக்காத இனத்துச் சமாரியன் நின்னு தூக்கி விடுவானே, அந்தக் கதை.

மாணவர்கள் போற வழியில ஒரு ஆள் தலை கவிழ்ந்து கிடக்கறாரு. இருமறாரு, முனகறாரு. ஆய்வாளர்களே ஏற்பாடு பண்ணின ஆள். யார் நிப்பாங்க?

உரையோட தலைப்பு என்ன, மதத்தை அவங்க எப்படிப் பார்க்கறாங்க, இதெல்லாம் நிக்கறாங்களா இல்லையாங்கறதைத் தீர்மானிக்கல. தீர்மானிச்சது கிளம்பறப்போ சொன்ன ஒரு வரி. "இன்னும் நேரம் இருக்கு, மெல்லப் போங்க"ன்னு சொன்னவங்கள்ல 63 சதவீதம் பேர் நின்னு உதவினாங்க. "சரியா நேரத்துக்குப் போயிடுவீங்க"ன்னு சொன்னவங்கள்ல 45. "ஐயோ, லேட் ஆயிடுச்சு, ஓடுங்க"ன்னு சொன்னவங்கள்ல வெறும் 10.

[திரையில்: 63, 45, 10. மூன்று கம்பங்கள்.]

நல்ல சமாரியர் கதையைப் பேசப் போன மாணவர்கள்ல சிலர், கீழ கிடந்தவரைத் தாண்டிக் கால் வச்சே போயிருக்காங்க. கெட்டவங்க இல்ல. அவசரத்துல இருந்தவங்க.

இப்போ உங்க ஆபீஸை யோசிங்க. மூணு பேர் வேலையை ஒருத்தர் பார்க்கற டீம்ல, பக்கத்து சீட்டுல ஒருத்தி பாத்ரூம்ல அழுதுட்டு வந்து உக்கார்றது யார் கண்ணுல படும்? கருணை வகுப்பு எத்தனை எடுத்தாலும் டெட்லைன் "ஓடு"ன்னு சொல்லும். மனித மதிப்பீடு குடியிருக்கற இடம் போஸ்டர் இல்ல. ஷிஃப்ட் சார்ட்லயும், யார்கிட்ட என்ன சான்றிதழ் கேக்கறோம்ங்கறதுலயும், யாரு எதுல ஏறலாம்ங்கற விதியிலயும்தான் அது இருக்கும், இல்லாமலும் போகும்.

இதை நடைமுறையில பண்ணிக் காட்டின ஒரு இடத்துக்குப் போவோம். மதுரை.

[திரையில்: மதுரை அண்ணா நகர். கண் மருத்துவமனை வாசல், காலை நேரக் கூட்டம்.]

கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918ல எட்டயபுரம் பக்கம் அயன்வடமலாபுரத்துல பொறந்தவரு. பிரசவ மருத்துவர் ஆகணும்னு ஆசை. மெட்ராஸ் ஸ்டான்லியில படிச்சு முடிச்சு, ராணுவ மருத்துவப் பிரிவுல சேர்ந்தாரு. முப்பது வயசு வாக்குல முடக்கு வாதம் தாக்கி, மாசக்கணக்குல படுக்கை. விரல்கள் கோணி மடங்கிப் போச்சு. பேனா பிடிக்கவே பாடு. பிரசவ மருத்துவக் கனவு அதோட முடிஞ்சது. அந்த விரல்களுக்குத் தக்கபடி கருவிகளைச் செஞ்சுக்கிட்டு, கண் அறுவை கத்துக்கிட்டாரு. ஒரு லட்சத்துக்கு மேல ஆபரேஷன் பண்ணின விரல்கள் அதுதான்.

1976ல 58 வயசாகி, அரசுப் பணியிலேர்ந்து ஓய்வு. பேரப் பிள்ளைகளைக் கொஞ்சற வயசுல, வீட்டை அடமானம் வச்சு, தம்பி தங்கைகளைச் சேர்த்துக்கிட்டு, 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிக்கிறாரு.

உடனே ஒரு கேள்வி வரும்: "அரவிந்தர் பேரு வச்ச இடத்தை மதம் சாராததுன்னு எப்படிச் சொல்றே?" நியாயமான கேள்வி. டாக்டர் வெங்கடசாமி புதுச்சேரி அரவிந்தரையும் அன்னையையும் பின்பற்றினவர்தான், மறைச்சதில்ல. ஆனா அவரோட நம்பிக்கை என்னவா மாறுச்சுன்னு பாருங்க. நோயாளி எந்தச் சாமியையும் கும்பிட வேணாம். கும்பிடாமலும் இருக்கலாம். கண்புரை எல்லா மதத்துக்கும் ஒண்ணுதான்.

முக்கியமான விஷயம் இது. அங்க இலவசமா சிகிச்சை வேணுமா, காசு கட்டியா வேணுமாங்கறதை நோயாளியே முடிவு பண்றாரு. வருமானச் சான்றிதழ் கேக்கறதில்ல.

நம்ம ஊர்ல ஏழைன்னு நிரூபிக்க என்ன பாடுன்னு உங்களுக்குத் தெரியும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், வி.ஏ.ஓ. கையெழுத்து, தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை. ஒவ்வொரு ஜன்னல்லயும் "நான் இல்லாதவன்"னு மறுபடி மறுபடி சொல்லணும். அந்த ஒரு ஜன்னலை எடுத்துட்டாரு மனுஷன். ஏமாத்த மாட்டாங்களா? சிலபேர் ஏமாத்தலாம். வசதி இருக்கறவங்க கட்டற பணத்துல மொத்தமும் ஓடற மாதிரி கணக்குப் போட்டிருந்ததால, சிலபேர் ஏமாத்தினாலும் கதவை மூட வேண்டி வரல.

[திரையில்: ஆபரேஷன் தியேட்டர். இரண்டு மேசைகள், நடுவில் மைக்ரோஸ்கோப்.]

இப்போ தியேட்டருக்குள்ள போவோம். ஒரு டாக்டர், ரெண்டு மேசை. ஒரு மேசையில அறுவை நடக்கறப்போவே, அடுத்த மேசையில அடுத்தவரைப் படுக்க வச்சு, கண்ணைச் சுத்தம் பண்ணி, துணி போர்த்தித் தயாரா வச்சிருப்பாங்க. இது முடிஞ்சதும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினா போதும். தயார் பண்றவங்க பெரும்பாலும் சுத்துவட்டார கிராமங்கள்லேர்ந்து பிளஸ் டூ முடிச்சு வந்து, அங்கேயே ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்த பொண்ணுங்க. டாக்டர் மட்டுமே செய்ய வேண்டியதை டாக்டர் செய்வாரு, மத்ததை அந்தப் பொண்ணுங்க செய்வாங்க. இப்படித்தான் அங்க ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2000 அறுவை செய்ய முடியுது. இந்த ஒழுங்கை டாக்டர் எங்க கத்துக்கிட்டாருன்னா சிரிப்பீங்க: அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்து. பர்கரை ஊருக்கு ஊர் ஒரே மாதிரி கொடுக்க முடியும்னா, பார்வையைக் கொடுக்க முடியாதான்னு கேட்டவர் அவரு.

இங்க அவசரம் இருக்கு, ஆனா பிரின்ஸ்டன் அவசரம் இல்ல. அங்க அவசரம் கீழ கிடக்கறவரைத் தாண்ட வச்சது. இங்க வேகமே அந்த ஆளுக்காகத்தான். இலவசப் பிரிவுக்கும் கட்டணப் பிரிவுக்கும் அதே டாக்டர்கள்தான் மாறி மாறிப் போறாங்க. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் இறக்குமதியில வாங்கினா கட்டுப்படியாகலன்னதும், 1992ல ஆரோலேப்னு தனியாவே ஆரம்பிச்சு, ரொம்பக் குறைஞ்ச விலையில செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு நூத்துக்கும் மேல நாடுகளுக்குப் போகுது.

எல்லாம் சமத்துவ சொர்க்கம்னு சொல்ல வரல. காசு கட்டினவங்களுக்குத் தனி அறை, இலவசப் பிரிவுல ரொம்ப காலம் பாய்தான். அந்த வித்தியாசம் வசதியில நின்னுது, அறுவை செய்யற கைக்கு வரல.

[திரையில்: "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று எழுதிய காபி கோப்பை.]

ஒரு எச்சரிக்கை. சேவை, அர்ப்பணிப்பு, ஒரே குடும்பம். இந்த வார்த்தைகள் உங்க முதலாளி வாயில வர்றப்போ, சம்பள ஸ்லிப்பை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்குங்க. ஞாயித்துக்கிழமை கூப்பிடறப்போ குடும்பம், ஆள் குறைக்கறப்போ கம்பெனின்னா, அதுல ஆன்மிகம் இல்ல, ஓவர்டைம் பாக்கிதான் இருக்கு. மதிப்பீடு உண்மையானதான்னு பார்க்க எனக்குத் தெரிஞ்ச சோதனை ஒண்ணுதான்: அதுக்காக மேல இருக்கறவங்க எதையாவது விட்டுக் கொடுத்தாங்களா? டாக்டர் வெங்கடசாமி வீட்டை அடமானம் வச்சாரு. எங்க ஆபீஸ்ல லிஃப்டைக்கூட விட்டுக் கொடுக்கல.

[திரையில்: ஜவுளிக்கடை. விளக்கொளியில் பட்டுப்புடவை அடுக்குகள்.]

கடைசியா, நாம எல்லாரும் போற ஒரு இடம். ஜவுளிக்கடை. தீபாவளி சமயத்துல நாப்பது புடவையைப் பிரிச்சுப் போட வச்சு, ஒண்ணும் எடுக்காம வருவோம். காட்டற பொண்ணு காலையில வந்ததுலேர்ந்து நிக்கிறா. கால்ல நரம்பு சுருண்டு, பாதம் வீங்கி, வாடிக்கையாளரே இல்லாத மத்தியான நேரத்துலயும் உக்காரக் கூடாது. உக்கார்ந்தா சூப்பர்வைசர் வருவாரு.

கேரளாவுல கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்கள் போராடி, 2018ல அங்க உட்காரும் உரிமை சட்டமாச்சு. தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர்ல, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல 22-ஏங்கிற பிரிவைச் சேர்த்தாங்க. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்புக் கிடைக்கறப்போ உக்காரலாம், முழு நேரமும் கால் கடுக்க நிக்க வைக்கக் கூடாது. சாராம்சம் இவ்வளவுதான். ஒரு மனுஷிக்குக் கால் வலிக்கும்ங்கறதை நாம சட்டம் போட்டுத்தான் ஒத்துக்க வேண்டியிருந்தது.

அடுத்த தடவை துணி எடுக்கப் போறப்போ, கவுண்டருக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. ஸ்டூல் இருக்கும், பெரும்பாலும். அது மேல ஆள் இருக்காங்களா, இல்ல பிரிச்சுப் போட்ட புடவை அடுக்கி இருக்கான்னு பாருங்க.

[திரையில்: சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் மேல் மடிக்காத புடவைகள்.]