மருந்துப் பையையும் கொண்டு வாருங்கள்

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்ட வேலை முடிந்து இப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள். தேநீர் குடித்தபடியே கேளுங்கள்.

மருத்துவமனை மருந்தகத்தில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர் அஞ்சு நிமிஷத்துல பார்த்துட்டாரு, மருந்து எடுக்க ஏன் இவ்வளவு நேரம்?" நியாயமான கேள்விதான். சீட்டு உள்ளே வந்தவுடன் நாங்கள் மாத்திரையைத் தேடி ஓடுவதில்லை. அளவு சரியா, இந்த வயதுக்கு ஏற்றதா, சிறுநீரகம் தாங்குமா, ஒவ்வாமை ஏதும் பதிவாகியிருக்கிறதா, ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுமா என்றுதான் முதலில் பார்ப்போம். சந்தேகம் வந்தால் டாக்டருக்குத் தொலைபேசி போடுவோம். அப்புறம் ஒருவர் மருந்தை எடுத்து லேபல் ஒட்ட, இன்னொருவர் மறுபடியும் சரிபார்ப்பார். வார்டில் கெடுபிடி இன்னும் அதிகம். இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு ஊசி போன்றவற்றில் அளவு பிசகினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அவற்றை இரண்டு பேர் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் எங்களுக்குத் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. அது உங்கள் வீட்டு அலமாரி.

நாள் முழுக்கக் குலை வெட்டுகிறவருக்கு முதுகும் முழங்காலும் வலிக்காமல் இருக்காது. தனியார் கிளினிக்கில் வாங்கிய டிக்ளோஃபினாக், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மெஃபெனாமிக் ஆசிட், எது கிடைத்தாலும் விழுங்கிவிடுகிறார்கள். இந்த வகை வலி மாத்திரை இரத்தக் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கொதிப்பு இறங்கவில்லையே என்று டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். காரணம் வீட்டு டப்பாவில் கிடக்கும். யாரும் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஜாமு என்னும் நாட்டு மூலிகை மருந்து விஷயம் இதைவிட மோசம். எல்லா ஜாமுவையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய பொடி இரண்டே நாளில் வலியைப் பறக்கடித்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைக் கலந்து விற்ற பொருள்களை நம் மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போனால் முகம் உப்பும், இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, எகிறும். 2019 தேசிய ஆய்வின்படி நம் நாட்டு இந்தியர்களில் 31.4 விழுக்காட்டுப் பெரியவர்களுக்கு இனிப்பு நீர் இருந்தது. நமக்கு இந்த வம்பு எதற்கு? பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று முக்கியம்: மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானே சுரக்க வேண்டிய ஹார்மோன் அதற்குள் குறைந்திருக்கும், ஆளே சரிந்துவிடலாம். பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் வாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். சரி, கொஞ்சம் முணுமுணுப்போம், அவ்வளவுதான்.

இன்சுலினைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிக்காததைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஐஸ் கட்டும் அறையில் அல்ல. உறைந்துபோனால் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் போகாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். மாத்திரை, பொடி, எண்ணெய், லேபல் கிழிந்த பாட்டில், எதுவானாலும் சரி. பாட்டி வர முடியாவிட்டால் பேரப்பிள்ளை அவருடைய பையை எடுத்து வரட்டும். ஈப்போவில் நிபுணரைப் பார்ப்பவர்கள் மாதாமாதம் மருந்துக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. 'எஸ்பியுபி' வேண்டும் என்று அங்குள்ள கவுண்டரில் கேளுங்கள். மீதி மாதங்களுக்கான மருந்தை இங்கேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்து தருவார்கள்.

நன்றி, வணக்கம்.