கம்பெனியா, வெளிக்கடையா? கம்பி தெரிஞ்ச டயரை மாத்துன கதை

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல எங்க வீட்டு வாசல்ல நின்னு பேசுதேன். வெளிச்சம் போறதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு காட்டிரணும், அதான் கைகூடக் கழுவல.

இந்தா, பாருங்க. நேத்து வரைக்கும் என் கார்ல முன்னாடி இடது பக்கம் ஓடுன டயரு. வெளிப்பக்கம் பட்டன், ரோட்டுல பதியுத அந்த ரப்பர் கட்டை, நல்லாத்தான் இருக்கு, இல்லையா? இப்ப உள்பக்கம் திருப்புதேன். தெரியுதா? ரப்பர் தேஞ்சு உள்ள இருக்குற கம்பி. இந்த டயரை வச்சுக்கிட்டு நான் தெனமும் பணகுடிக்குப் போயிட்டு வந்திருக்கேன். போக வர கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். நாலுவழிச் சாலைல 80, 90ல போவேன். எங்கூட வேலை பாக்குற டீச்சர்மாரு ரெண்டு பேரு பின்னாடி உக்காந்து வருவாவ. நேத்து இதைப் பாத்ததுலேருந்து எனக்கு வயித்தைக் கலக்கிக்கிட்டே இருக்கு.

ஏன் முன்னாடியே கவனிக்கலன்னா, வண்டி இடது பக்கம் இழுத்துச்சு, நான் காத்துன்னு நெனச்சிட்டேன். ஆனி ஆடியில வள்ளியூர் தாண்டுனா மேக்காத்து காரையே தள்ளும். அந்தப் பக்கம் ஓட்டுதவங்களுக்குத் தெரியும், காத்தாலை எல்லாம் சும்மாவா நட்டு வச்சிருக்கான். ஆனா பாருங்க, தெக்க போகும்போது மேக்காத்து இடது பக்கம் தள்ளும், சரி. சாயங்காலம் வடக்க திரும்பி வரும்போது வலது பக்கம்தானே தள்ளணும்? அப்பவும் இடதுக்குத்தான் இழுத்துச்சு. எங்க அப்பாட்ட சொன்னதும் அவியதான் கேட்டாவ, "ரெண்டு நேரமும் ஒரே பக்கம் இழுத்தா அது காத்தாம்மா?"ன்னு. உடனே ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வச்சு, குனிஞ்சு பாத்தாவ. கம்பி.

போன மழைக்கு ஒரு குழியில டமார்னு எறங்குனேன். அதுல சக்கரத்தோட கோணம் மாறியிருக்கு. அதுக்கப்பறம் ஒரு இடத்துல டயரை முன்ன பின்ன மாத்திப் போட்டேன், அலைன்மென்ட், அதாவது சக்கரத்தோட கோணத்தைச் சரிபண்றது, வேண்டாம், தேவையில்லன்னு சொல்லி அனுப்பிட்டாவ. எந்த இடம்னு சொல்லப் போறதில்ல. கேட்டு வாங்காம வந்தது என் தப்பும்தான்.

சரி, புது டயர் ரெண்டு. எங்க வாங்க? மொதல்ல கார் வாங்குன கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். நல்ல மரியாதை. ஆனா டயர் கைல இல்ல. ஆர்டர் போட்டு ரெண்டு நாள்ல வரும்னாவ, அதுவும் ஒரே பிராண்டு. "எந்த வருசம் தயாரிச்சது வரும்?"னு கேட்டா, "வந்தாத்தான் மேடம் தெரியும்." டயர் மாத்தும்போது பக்கத்துல நிக்கலாமான்னா, உள்ள விடமாட்டாங்களாம்.

அப்பறம் இங்க திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு டயர் கடை. அங்க ஒரு டயருக்கு 600 ரூவா கொறச்சல். ஆனா நான் அந்தக் கடையில வாங்குனது அந்த 600 ரூவாவுக்காக இல்ல. டயரை எறக்கி என் முன்னால வச்சாவ பாருங்க, அதுக்காகத்தான்.

இதை நல்லாப் பாத்துக்கிடுங்க. டயர் பக்கவாட்டுல இங்கிலீஷ்ல டிஓடின்னு (DOT) ஆரம்பிச்சு நீளமா ஒரு எழுத்து வரிசை இருக்கும். அது கடைசில நாலு எண். 2324ன்னு இருந்தா 2024ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஒரு பக்கத்துல மட்டும்தான் முழுசா இருக்கும், தெரியலன்னா திருப்பச் சொல்லுங்க. மொதல்ல எனக்கு எடுத்துப் போட்டது ரெண்டு வருசம் தாண்டுன டயரு. "எம்மா, ஓடாத டயருதான, என்ன ஆவப் போவுது?"ன்னாரு கடைக்கார அண்ணாச்சி. ஓடாட்டியும் ரப்பர் கெட்டிப்படும் அண்ணாச்சி, நம்மூரு வெயிலுக்கு தகரக் கொட்டகைக்குள்ள கெடந்தா இன்னும் சீக்கிரம்னேன். ஒண்ணும் கோவிச்சுக்கிடல. குடோன்லேருந்து இந்த வருசத்து ஜோடிய எடுத்துட்டு வந்துட்டாரு. அந்த மனுசன்கிட்ட எனக்குப் பிடிச்சதே இதுதான்.

சைஸ் 185/65 ஆர் 15, அப்பறம் 88 எச். மொத மூணையும் எல்லாரும் பாத்துருவோம், 88ஐ விட்டுருவோம். அது ஒரு டயர் தாங்குற எடை, 560 கிலோ. அதுக்குக் கீழ உள்ளதை "இதுவும் சேரும்"னு போட வந்தா வேண்டாம்னு சொல்லிருங்க.

பில்லு இல்லாம இன்னும் கொறச்சுத் தாரேன்னு சில எடத்துல சொல்லுவாவ. ஆசைப்படாதீங்க. டயருக்கு வாரண்டி குடுக்குறது டயர் செய்யுத கம்பெனி, காரு கம்பெனி இல்ல. அதனாலதான் வெளிக்கடையில வாங்குனாலும் அந்த வாரண்டி நமக்கு உண்டு, ஆனா பில்லு கைல இருக்கணும். 2025 செப்டம்பர் 22லேருந்து புது கார் டயருக்கு ஜிஎஸ்டி 28லேருந்து 18 சதவீதமா எறங்கியிருக்கு, பில்லுல அந்த 18தான் இருக்கான்னும் பாருங்க.

இப்ப ஒரு விசயத்துல சர்வீஸ் சென்டர்க்காரங்க சொன்னதுதான் சரி. புதுசு ரெண்டையும் பின்னாடி போடணும்னாவ. கடையில அண்ணாச்சி, "இழுக்குறது முன் சக்கரம்தான, புதுசை முன்னாடி போடுவோம்"னாரு. நம்ம ஊர்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான் போடுதோம். ஐப்பசி மழையில நாங்குநேரிப் பக்கம் ரோட்டுல தண்ணி நிக்கும்போது யோசிச்சுப் பாருங்க. முன் சக்கரம் வழுக்குனா வண்டி நேராப் போகும், ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்தா பிடிமானம் திரும்பும். பின் சக்கரம் வழுக்குனா வண்டி சுத்திரும், நம்ம கைல ஒண்ணும் இருக்காது. அதனால பின்னாடி இருந்த ரெண்டை முன்னாடி போட்டு, புதுசைப் பின்னாடி போடச் சொன்னேன். மூஞ்சியச் சுளிக்காம செஞ்சாரு.

மாட்டும்போது நான் பக்கத்துலயே நின்னேன். அங்க ஒரு பையன் கன்னை, நட்டு முடுக்குற மெஷினை, வச்சு டுர்ருனு நட்டை முடுக்கப் போனான். தம்பி, கன்னுல பாதி, மிச்சத்தை கை ஸ்பானர்ல முடுக்கிருன்னேன். கன்னுல கண்டபடி முடுக்குனா ராத்திரி நடுரோட்டுல பஞ்சர் ஆகி நிக்கும்போது நம்மளால கழத்தவே முடியாது. எவ்வளவு இறுக்கணும், எத்தனை நியூட்டன் மீட்டர்னு வண்டி புத்தகத்துல போட்டிருப்பான். அந்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து முடுக்குற டார்க் ரெஞ்சு வச்சு முடுக்குறதுல கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு நான் மார்க் போடுவேன். அதே மாதிரி, டயருக்குள்ள வால்வோட சேந்து காத்தழுத்த சென்சார் உள்ள வண்டின்னா, அதைக் கழத்தத் தெரிஞ்ச இடத்துக்குத்தான் போகணும். பழக்கமில்லாதவன் டயரை நெம்பும்போது சென்சார் ஒடைஞ்சா செலவு பெருசு.

சக்கரம் சுத்தும்போது ஆடாம இருக்க எடை வச்சு பேலன்சிங் பண்ணி, அலைன்மென்ட்டும் பண்ணியாச்சு. இந்தா சீட்டு. முன்ன இருந்த அளவெல்லாம் சிவப்பு, இப்ப பச்சை. இந்தச் சீட்டை நீங்களும் கேட்டு வாங்கிருங்க. காத்து மட்டும் நாலுலயும் 38 பிஎஸ்ஐ பிடிச்சுட்டாவ. டிரைவர் கதவத் தொறந்தா தூண்ல எவ்வளவு காத்துன்னு ஸ்டிக்கர் இருக்கும், என் வண்டிக்கு 33. காலையில டயர் சூடேறுறதுக்கு முன்னாடி கொறச்சுக்கிட்டேன். இன்னைக்கு போக வர ரெண்டு தடவையும் வண்டி நேரா வந்துச்சு.

இப்ப டிக்கியத் தொறந்துதான் வச்சிருக்கேன். உங்களுக்குத் தேதி காட்டலாமேன்னு ஸ்டெப்னியத் திருப்புனேன். 1417. காரு வாங்குன அன்னைக்கு வந்தது, ஒரு நாளும் தரையில ஓடல. 2017ஆம் வருசத்து ரப்பரு. பாருங்க, விளிம்புல வெடிப்பு வெடிப்பா இருக்கு. நாளைக்கு நட்டு எல்லாம் ஒருவாட்டி செக் பண்ண வரச் சொல்லியிருக்காரு அண்ணாச்சி, அப்ப இதையும் எறக்கிக் காட்டிட்டு வாரேன்.