சிறுநீர்ப் பையைக் குனிந்து பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கடுமையான இன்ஃப்ளூயன்சாவோடு ஐசியூவில் ஒருவர் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டர் ஓடுகிறது. எல்லோர் கண்ணும் ஆக்சிஜன் அளவில்தான். கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையில் காலையில் வைக்கோல் நிறம், மாலையில் கடுந்தேநீர் நிறம். நான் பேச வந்தது அந்தப் பையைப் பற்றித்தான்.

நம் எடையில் சுமார் 40 சதவீதம் தசை. வைரஸ் தொற்று முற்றும்போது சிலருக்குத் தசைச் செல்கள் சிதைந்து, உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும். இதைத்தான் ராப்டோமயோலிசிஸ் என்கிறோம். கோவிட்டிலும் பார்த்தோம். நாள்கணக்கில் அசையாமல் கிடப்பது, அதிக அளவில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து, கொழுப்பைக் குறைக்க முன்பே சாப்பிட்டுவந்த ஸ்டேடின் மாத்திரை என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ளும்.

வெளியே வரும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும்; சிறுநீரைக் கடுந்தேநீர் நிறமாக்குவதும் அதுதான். விழித்திருப்பவர் என்றால் "தொடை வலிக்குது டாக்டர்" என்று சொல்லிவிடுவார். மயக்க மருந்தில் இருப்பவரால் சொல்ல முடியாதே! அவருக்காக நாம்தான் தேட வேண்டும்.

சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்தால் ரத்தம் என்று காட்டும். அதே சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்களே இருக்காது. உடனே மயோகுளோபினைச் சந்தேகப்படுங்கள். ஆனால் அது சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். சிறுநீர் தெளிந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். தசை சிதையும்போது ரத்தத்தில் ஏறும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் பரிசோதனைக்கு அனுப்புங்கள். லிட்டருக்கு 1000 யூனிட்டைத் தாண்டினால் ராப்டோமயோலிசிஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். 5000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது. முதல் நாள் குறைவாக இருந்தாலும் விடாதீர்கள், உச்சத்தைத் தொட ஓரிரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும்.

சரி, சிகிச்சை? நரம்பு வழியாகத் தாராளமாக சலைன் ஏற்ற வேண்டும். இங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. சிறுநீரகம் தண்ணீர் கேட்கிறது; வைரஸால் ஏற்கெனவே நீர் கோத்திருக்கும் நுரையீரலோ ஒரு சொட்டுகூட வேண்டாம் என்கிறது. இதற்குப் பொதுவான அளவு கிடையாது. பக்கத்திலேயே நின்று, மணிக்கொரு முறை சிறுநீரையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பொட்டாசியம் அடங்கவில்லையென்றால் டயாலிசிஸுக்குத் தயங்காதீர்கள்.

எங்கள் பிரிவின் சார்ட்டில் சிறுநீரின் அளவை எழுத மட்டும்தான் முன்பு கட்டம் இருந்தது. இப்போது நிறத்துக்கும் ஒன்று போட்டிருக்கிறோம். இரவுப் பணி செவிலியர்கள் டார்ச் அடித்துப் பார்த்து எழுதுகிறார்கள்.