ரோடு பைக்ல 'டக்' சத்தமா? பிபி (பாட்டம் பிராக்கெட்) மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

வணக்கம் மக்களே. மைக்க, பெடல் மாட்டியிருக்கிற கிராங்க் பக்கத்துல வைக்கிறேன், மொதல்ல இதக் கேளுங்க.

[டக்... டக்...]

கேட்டுச்சா? வலது பெடல் முன்னாடி வந்து தரைக்குச் சமமா நிக்கும்போது, மேல இருந்து அழுத்தினா ஒரு 'டக்'. ரோட்டுல இதுவே ஒவ்வொரு மிதிக்கும் ஒண்ணு, பாலம் ஏறினா இன்னும் சத்தமா. இதக் கேட்டதும் எல்லார் வாயிலயும் வர்றது 'பிபி போச்சு'தான். பிபின்னா பாட்டம் பிராக்கெட், ஃப்ரேம்ல கிராங்க் தண்டு சுத்துற பேரிங் பாகம். புது பாட்டம் பிராக்கெட் வாங்கி, கூலி குடுத்து மாத்திட்டு வெளிய வந்தா அதே டக்.

காரணம், ஃப்ரேம் உள்ள வெறும் குழாய். சத்தம் எங்க கிளம்பினாலும் குழாய் வழியா ஓடி, எல்லாக் குழாயும் சேர்ற இடத்துல, அதாவது பிபி-ல வந்து கேக்கும். கார்பன் ஃப்ரேம்னா இன்னும் மோசம், மெல்லிசான சுவர், நல்லா அதிரும். அதனால இந்த விஷயத்துல உங்க காத நம்பாதீங்க. சோதனைய நம்புங்க.

இந்த டக் எப்படி வருதுன்னா, இறுக்கி வெச்ச ரெண்டு பாகம், அசையவே கூடாது, ஆனா எடை விழுறப்ப கண்ணுக்குத் தெரியாத அளவு அசையுது. நடுவுல கிரீஸ் இருந்தா சத்தமில்லாம வழுக்கிடும். காஞ்சு போய், தூசி, வியர்வை உப்பு எல்லாம் சேர்ந்திருந்தா ஒட்டிக்கிட்டு நிக்கும், தாங்க முடியாதப்போ பட்டுனு விடும். பேரிங் போனா பெரும்பாலும் வேற மாதிரி: கையால சுத்தினாலே கரகரன்னு இருக்கும், இல்ல கிராங்கப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டினா ஆடும். ஈசிஆர்ல ஓட்டுறவங்களுக்குக் கடல் காத்து உப்பும் சேந்துக்குது, போல்ட்டெல்லாம் சீக்கிரமே காஞ்சு பூத்துப் போயிடும்.

தயவுசெஞ்சு டபிள்யூடி-40 பாட்டில எடுத்து அங்கங்க அடிக்காதீங்க. ரெண்டு நாள் சத்தம் நிக்கும், ஆனா இருந்த கிரீஸையும் கரைச்சு விட்டுடும். டிஸ்க் பிரேக் வண்டின்னா ரோட்டர்ல பட்டு, பேடும் கெட்டுப் போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டா பிசுக்காகித் தூசியப் பிடிச்சு வெச்சுக்கும்.

சரி, சோதனை. இது ஸ்டாண்ட்ல நடக்காது, ரோட்டுலதான். ஸ்டாண்ட்ல உங்க எடை வண்டி மேல இல்ல, அதனால பாதி சத்தம் வராது.

ஓட்டிக்கிட்டே மிதிக்கிறத நிறுத்துங்க. உருளும்போதும் சத்தம் வந்தா சக்கரம், சீட்டு, இல்ல ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்புற இடத்துல இருக்கிற பேரிங். மிதிச்சா மட்டும்தான்னா, அடுத்து எழுந்து நின்னு மிதிங்க. நின்னதும் சத்தம் போயிடுச்சுன்னா சீட்டு, அதத் தாங்குற குழாயான சீட்போஸ்ட் பக்கம் பாருங்க. நின்னா மட்டும் வருதுன்னா ஹேண்டில்பார், அதப் பிடிச்சிருக்கிற ஸ்டெம் பக்கம், ஏன்னா நிக்கும்போதுதான் பாரைப் பிடிச்சு இழுக்கிறோம். பின் சக்கரத்தையும் சந்தேக லிஸ்ட்ல வைங்க.

இப்ப தாளம். முன்னாடி 50, பின்னாடி 25 பல் போடுங்க. இந்த கியர்ல கிராங்க் ஒரு சுத்துக்குப் பின் சக்கரம் சரியா ரெண்டு சுத்து. டக் காலோட ஒண்ணுக்கு ஒண்ணு வந்தா, பெடல், கிராங்க், செயின்ரிங் (முன் பல்சக்கரம்), பிபி, இல்ல கால் அழுத்தும்போது இழுபடுற வேற ஏதாவது. மிதிக்கு, அதாவது கிராங்க் ஒரு முழுச் சுத்துக்கு, ரெண்டு தடவை வந்து, கியர் மாத்தினதும் எண்ணிக்கையும் மாறுதுன்னா சக்கரம். இன்னொண்ணு இருக்கு, பலருக்கும் பிடிபடாதது: ரெண்டு மிதிக்குக் கொஞ்சம் தாண்டி ஒரு தடவை. அது செயின். 110 கண்ணி செயின் 50 பல் செயின்ரிங்ல ஒரு முழுச் சுத்து வர 2.2 மிதி ஆகும். ஒரே ஒரு கண்ணி இறுகியிருந்தா அந்தக் கணக்குலதான் சத்தம் குடுக்கும். செயினப் பின்னாடி மெதுவா சுத்தி, கியர் மாத்துற டெரெய்லரோட குட்டிச் சக்கரத்துல எந்தக் கண்ணி மடங்காமத் துள்ளுதுன்னு பாருங்க. அந்தக் கண்ணியப் பக்கவாட்டுல லேசா வளைச்சு விட்டாலே போதும்.

கிளீட் ஷூ (அடியில பெடலோட பூட்டிக்கிற கட்டை வெச்சது) போடுறவங்க ஒரு நாள் சாதா ஷூவோட ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னா கிளீட். ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் வகை கிளீட் போல்ட்டோட டார்க், அதாவது இறுக்குற அளவு, 5-லிருந்து 6 நியூட்டன் மீட்டர், மரையில கிரீஸ் வெச்சு இறுக்குங்க. காசு செலவே இல்லாத சோதனை இது, ஆனா இதத்தான் கடைசில செய்யுறாங்க.

இந்த வண்டிக்கு வருவோம். அலுமினியம் ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ ஹாலோடெக் கிராங்க், மரை வெச்ச பிபி. நின்னாலும் உக்காந்தாலும் வருது, சாதா ஷூவிலயும் வருது. அப்ப சீட்டும் இல்ல, கிளீட்டும் இல்ல.

அடுத்து பெடல். கழட்டிட்டேன். மரையப் பாருங்க, சாம்பல் கலர்ல மாவு மாதிரி இருக்கு, கிரீஸ் சுத்தமா இல்ல. பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு, துணியால துடைச்சு, கிராங்க் ஓட்டையிலயும் துணிய முறுக்கி விட்டுத் துடைச்சு, புதுசா கிரீஸ். இடது பெடல் தலைகீழ் மரைன்னு தெரியும், ஆனா அவசரத்துல எல்லாருக்கும் குழம்பும். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கணக்கு: பெடல் ஆக்சிலோட மேல்பக்கம் முன் சக்கரத்தப் பாத்து சுத்தினா இறுகும், பின் சக்கரத்தப் பாத்து சுத்தினா கழலும். 35-லிருந்து 40 நியூட்டன் மீட்டர். இந்த அளவக் காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லேன்னா, நீளமான 8 எம்எம் ஆலன் கீயில கை பலம் நல்லா போட்டு இறுக்குங்க.

[டக்... டக்...]

இன்னும் இருக்கு. நல்லது, பெடலும் இல்லைன்னு தெரிஞ்சுது. இதனாலதான் ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் பண்ணச் சொல்றேன். பெடலையும் கிராங்கையும் சீட்டையும் ஒரே நாள்ல கழட்டி மாட்டினீங்கன்னா சத்தம் போகலாம், ஆனா எதுனால போச்சுன்னு தெரியாது. மூணு மாசத்துல மறுபடி வந்தா மறுபடி மொதல்ல இருந்து.

இப்ப விரல் சோதனை. வண்டி தரையில. ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சு, பெடல முன்னாடி வெச்சு, ஒரு கால் எடைய விட்டு விட்டுக் குடுங்க. கூட இருக்கிற ஆள் ஒவ்வொரு இணைப்பு மேலயும் விரல் வைக்கணும், ரெண்டு பாகத்துலயும் பாதிப் பாதி படுற மாதிரி. டக் வர்ற இடத்துல விரல்ல ஒரு சின்னத் துடிப்பு தெரியும். ஆள் இல்லேன்னா நீளமான ஸ்க்ரூ டிரைவர் நுனிய அந்த இடத்துல வெச்சு, கைப்பிடியக் காதுல ஒட்டிக்கோங்க.

பிபி கப்... ஒண்ணும் இல்ல. செயின்ரிங் போல்ட்... இல்ல. பின் சக்கரத்தப் பூட்டுற குவிக் ரிலீஸ் லீவர்... லேசா இருக்கு. டெரெய்லர் ஹேங்கர்... இதோ! இங்கதான். பிபி-யிலிருந்து கிட்டத்தட்ட ஒரு முழம் தள்ளி.

ஹேங்கர்னா, பின் டெரெய்லர் தொங்குற அந்தக் குட்டி அலுமினியத் துண்டு. ஃப்ரேமோட ஒட்டி ஒண்ணு ரெண்டு சின்ன போல்ட்டுல நிக்குது. வலது காலால அழுத்தும்போது செயின் பின் சக்கரத்த முன்னாடி இழுக்குது, ஆக்சில் அந்த இடத்த நெருக்குது, ஹேங்கர் ஃப்ரேம் மேல ஒரு துளி அசையுது. சத்தம் பின் சக்கரத்தையும் பிபி-யையும் சேர்க்கிற செயின்ஸ்டே குழாய் வழியா நேரா பிபி-க்கு வந்துடுது.

சக்கரத்தக் கழட்டியாச்சு. போல்ட் இதுல 3 எம்எம் ஆலன் கீ, வண்டிக்கு வண்டி மாறும். டெரெய்லர ஹேங்கர்லயே விட்டுடுங்க, அதோட சேர்த்தே வெளிய எடுக்கலாம். கேமராவுக்குக் கிட்டக் காட்டுறேன். ஹேங்கரோட உள்பக்கத்துல கருப்பா ஒரு பொடி, துடைச்சா விரல்ல பென்சில் கரி மாதிரி ஒட்டுது. அது அழுக்கு மட்டும் இல்ல, அலுமினியம் உரசி உரசி வந்த தூள். ஃப்ரேம்லயும் அதே வடிவத்துல ஒரு பளபளப்புத் தடம். இந்தத் தடம் இருந்தாலே அங்க அசைவு இருந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு முகத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைக்கிறேன். கிரீஸ், உள்ளங்கையில தேய்ச்ச எண்ணெய் அளவுக்கு மெல்லிசா, பூசினதே தெரியக் கூடாது. போல்ட் மரையில மட்டும் மரை கழலாமப் பிடிக்கிற நீலக் கலர் த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு. ரொம்ப இறுக்காதீங்க, சின்ன மரை, மழுங்கிப் போகும். புது ஃப்ரேம்கள்ல வர்ற, பல வண்டிக்கும் பொதுவான யூடிஎச் ஹேங்கர்னா கணக்கே வேற: அதோட போல்ட் தலைகீழ் மரை, 25 நியூட்டன் மீட்டர். தெரியாமத் திருப்பிட்டு மல்லுக்கட்டாதீங்க.

குவிக் ரிலீஸ் லேசா துடிச்சுதுல்ல, அதையும் பாத்துடலாம். கம்பிய உருவித் துடைச்சு, லீவர் உள்ள இருக்கிற கேம்ல ஒரு சொட்டு எண்ணெய், ஹப் முனை ஃப்ரேம்ல உக்கார்ற முகத்துல மெல்லிசா கிரீஸ். லீவர் மூடும்போது உள்ளங்கையில அச்சுப் பதியணும். குவிக் ரிலீஸுக்குப் பதிலா மரை வெச்ச தண்டு, அதாவது த்ரூ ஆக்சில்னா மரையிலயும் தண்டுலயும் கிரீஸ், டார்க் ஆக்சில் மேலயே அச்சடிச்சிருக்கும்.

[சத்தமில்லை]

போச்சு. பிபி-யத் தொடவே இல்ல.

இதுலயும் அடங்காத வண்டிக்குத்தான் கிராங்க் வேலை. ஹாலோடெக்ல இடது கிராங்கோட ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தித் தளர்த்தி, நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டி, பூட்டுத் தகட்ட நிமிர்த்திட்டு கிராங்க இழுங்க. 24 எம்எம் தண்ட ரப்பர் சுத்தியல்ல தட்டி வெளிய எடுத்து, துடைச்சு, பல் இருக்கிற முனையில கிரீஸ். திருப்பி மாட்டும்போது அந்த மூடி 0.7-லிருந்து 1.5 நியூட்டன் மீட்டர்தான், விரல் பலம் போதும். அதுல பலத்தக் காட்டினா பேரிங் நெருங்கிச் சீக்கிரம் சாகும். ரெண்டு போல்ட்டும் 12-லிருந்து 14, ஒண்ண இறுக்கினா இன்னொண்ணு தளரும், அதனால மாத்தி மாத்தி மூணு நாலு தடவை. பிபி கப்பே கழட்டுறதா இருந்தா, பிஎஸ்ஏ வகை மரை பிபி-ல வலது கப் தலைகீழ் மரை, 35-லிருந்து 50 நியூட்டன் மீட்டர். இத்தாலியன் பிபி-ல ரெண்டுமே சாதா மரை. செயின்ரிங் போல்ட்டுகள ஒண்ணொண்ணா எடுத்துத் துடைச்சு கிரீஸ் வைக்கிறதும் இதோடயே முடிச்சுடுங்க. பின் பல்சக்கரங்கள இறுக்கிப் பிடிக்கிற கேசட் லாக்ரிங்கும் ஒரு தடவை பாருங்க, அது 40 நியூட்டன் மீட்டர்.

சீட்போஸ்ட்ல ஒண்ணு முக்கியம். கழட்டுறதுக்கு முன்னாடி உயரத்துக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கோங்க. போஸ்ட்டும் ஃப்ரேமும் உலோகம்னா கிரீஸ். ரெண்டுல ஒண்ணு கார்பன்னா கிரீஸ் கூடாது, வழுக்காமப் பிடிக்கிற கார்பன் பேஸ்ட்தான். கிரீஸ் போட்டா போஸ்ட் இறங்கும், இறங்குதேன்னு இன்னும் இறுக்குவீங்க, கார்பன் கீறல் விடும். சீட்டுக் கம்பியப் பிடிக்கிற கிளாம்ப்பையும் பிரிச்சுத் துடைங்க, உக்காந்தா வர்ற சத்தத்துல பாதிக்கு மேல போஸ்ட்ட விட இதுதான் குற்றவாளின்னு சொல்லுவேன்.

ஹெட்செட்டுக்கு: முன் பிரேக்க அழுத்திக்கிட்டு வண்டிய முன்ன பின்ன ஆட்டுங்க, ஒரு விரல் மேல் பேரிங் மூடி மேல. ஆட்டம் தெரிஞ்சா ஸ்டெம் பக்கவாட்டு போல்ட் ரெண்டையும் தளர்த்திட்டு, அப்புறம்தான் மேல் மூடி போல்ட்டத் திருப்பணும். தளர்த்தாம மேல் மூடிய மட்டும் இறுக்கினா ஒரு பிரயோஜனமும் இல்ல. ட்ரெயினர்ல வீட்டுக்குள்ள ஓட்டுறவங்களுக்கு வியர்வை நேரா இங்கதான் சொட்டும், மேல ஒரு துண்டு போட்டு வைங்க.

சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிகள் ஒண்ண ஒண்ணு தாண்டுற இடமும் சத்தம் போடும். ரெண்டு ரெண்டு கம்பியா சேத்துப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே வாங்க, 'டிங்'குனா அந்த இடத்துல ஒரு சொட்டு எண்ணெய், வழிஞ்சத துடைச்சுடுங்க. ரிம்மு, ரோட்டர் மேல எண்ணெய் படவே கூடாது.

பிரஸ்ஃபிட் வண்டிக்காரங்களுக்கு மட்டும் நிஜமாவே பிபி மேல சந்தேகம் நியாயம். பிபி30-ல பேரிங் 42 எம்எம் ஓட்டையில மரையே இல்லாம நெருக்கி உக்காந்திருக்கு, பிபி86-ல 41 எம்எம் ஓட்டைக்குள்ள பிளாஸ்டிக் கப். ஓட்டை கொஞ்சம் பெருசாவோ வட்டம் தப்பியோ இருந்தா, நீங்க எத்தனை பேரிங் மாத்தினாலும் சத்தம் திரும்பி வரும். உலோகத்துல உலோகம்னா லாக்டைட் 609 மாதிரி ரீடெய்னிங் காம்பவுண்ட் (இடைவெளிய நிரப்பிப் பிடிக்கிற பசை), சுத்தமாத் துடைச்ச பிறகு, பேரிங் உள்ள அது போகாம, 24 மணி நேரம் வண்டியத் தொடாம. அது இறுகறதுக்கு உலோகம் வேணும். கார்பன் ஓட்டையில பிளாஸ்டிக் கப்னா ப்ரைமர் இல்லாம சரியாப் பிடிக்காது, சில பிளாஸ்டிக்கு ஆகவும் ஆகாது. அங்க நடுவுல ஒண்ணோட ஒண்ணு மரை பூட்டிக்கிற கப் வாங்கிப் போடுறதுதான் என் கட்சி. விலை கூட, ஆனா ஒரே தடவை.

கடைக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னா 'சத்தம் வருது'ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்தக் கால், எந்த கியர், உக்காந்தா நின்னா, மிதிச்சா உருண்டா, இதெல்லாம் சொல்லுங்க, மெக்கானிக்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. அப்புறமும் பிபி மாத்தணும்னு சொன்னா, ஹேங்கரக் கழட்டிப் பாத்தீங்களான்னு கேளுங்க.