நாயகர்கள் இல்லாத நாலாம் பாகம்

வணக்கம் நேயர்களே. டிவியில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்திருப்பீர்கள். அதன் மூல நாவல் வரிசையில் நாலாவதான 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' பற்றிப் பேசுகிறேன் என்று நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன், ரசிகர்களிடம் அது நிறையவே திட்டு வாங்கியிருக்கிறது என்பதற்காகவே.

திட்டியதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்றாம் பாகம் வந்தது 2000-இல். காத்திருந்து காத்திருந்து 2005-இல் இதைத் திறந்தால் கதையின் முக்கிய நாயகர்களில் டிரியனைக் காணோம், டெனேரிஸைக் காணோம், ஜான் ஸ்னோ தன் நண்பன் சாமின் பார்வையில் வரும் அத்தியாயத்தில் தலைகாட்டுவதோடு சரி. எழுதியது ஒரு புத்தகத்துக்குள் அடங்கவில்லை என்று ஜார்ஜ் மார்ட்டின் கதையை ஆட்களை வைத்து இரண்டாகப் பிரித்துவிட்டார், மற்ற பாதி 2011-இல்தான் வந்தது. கல்யாணத்துக்குப் போனால், மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்து மண்டபத்தில் என்று சொல்வது மாதிரி!

கடற்கொள்ளையர்களின் இரும்புத் தீவு அத்தியாயங்கள் எனக்கும் இழுவைதான். ராணி செர்சி வரும் பகுதி அப்படியில்லை. முதல் தடவையாக அவள் மண்டைக்குள் நம்மை உட்காரவைக்கிறார் மார்ட்டின். அரசாங்கத்தின் கடனைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்று மதத் தலைமைக்கு ஆயுதம் தூக்க அனுமதி கொடுத்துவிட்டு, தன் கெட்டிக்காரத்தனத்தை அவளே மெச்சிக்கொள்ளும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் நான் இந்தப் புத்தகத்துக்காகச் சண்டை பிடிப்பது பிரியன் என்ற வீராங்கனை நடக்கும் பாதைக்காக. காணாமல்போன சான்சா என்ற பெண்ணைத் தேடி எரிந்த ஊர்களைத் தாண்டிப் போகிறாள், வழியில் மெரிபால்ட் என்று ஒரு பாதிரியார், காலில் செருப்பில்லை. போரிலிருந்து ஓடிப்போய்க் கொள்ளையடிக்கிறவர்களைப் பற்றி அவர் பேசும் ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்காகவே படிக்கலாம். ஊர்ப் பையன்கள் கூட்டாளிகளோடு உற்சாகமாகக் கிளம்புவது, நடந்து நடந்து செருப்பு பிய்ந்து பிணத்தின் காலிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்வது, ஒருநாள் மனசு உடைந்து ஓடிவிடுவது. அவரும் சிறுவயதில் ராஜாக்களின் பேரைத் தாங்கிய ஒரு போருக்குப் போனவர்தான், ஒரு ராஜாவையும் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் நம் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் சிப்பாய்கள்கூட இல்லை, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், யாருடைய சண்டைக்கோ போய்ப் பலபேர் திரும்பவே இல்லை.

டிராகன், பெரிய போர் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மூன்றாம் பாகம் முடித்த சூட்டோடு இதைத் தொடாதீர்கள், கொஞ்சம் ஆறவிட்டு எடுங்கள். ஆறாம் பாகம் இன்னும் வந்தபாடில்லை, அதனால் அவசரமும் இல்லை.