ஸ்ட்ரீமரும் ஷோகேஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன தீபாவளிக்கு என் மகன் ஒரு மியூசிக் ஸ்ட்ரீமர் வாங்கிக் கொடுத்தான். அரைக் கிலோ ஸ்வீட் டப்பா அளவுதான் இருக்கும். இன்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுத்து, வீட்டிலுள்ள பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற பெட்டி. கம்பெனி பெயர் வேண்டாம். வானொலியில் சொல்வது முறையும் இல்லை.

அன்று ராத்திரியே கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி. ராமநாதனைப் போட்டேன். அந்தக் கனத்த குரல் கீழே இறங்க இறங்க, யாரோ குதிருக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஓசை தரும் பக்கம், விழும்போதெல்லாம் ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. “நம்ம பழைய டேப் ரெக்கார்டரே தேவலாம் போலிருக்கே,” என்று என் மனைவி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மகனுக்குப் போன் செய்தால், “நல்ல கேபிளா வாங்கிப் போடுங்கப்பா,” என்றான். கடையில் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். கேபிள் வாங்காமலே எப்படிச் சரியாயிற்று என்பதுதான் இன்றைய கதை.

முதல் தப்பு என்னுடையது. பாட்டை ப்ளூடூத் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் போன்தான் பாட்டை வாங்கி, இன்னொரு முறை சுருக்கி, காற்றில் அனுப்புகிறது. சாதாரண ப்ளூடூத்தில் நொடிக்குச் சுமார் 330 கிலோபிட் போகும். சி.டி.யில் இருப்பது 1,411. ஸ்ட்ரீமர் வாங்கியதே இந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கத்தான். பாட்டு ஆப்பில் ஒலி எங்கே போகவேண்டும் என்று கேட்கும் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் வைஃபையில் உள்ள ஸ்ட்ரீமரின் பெயரைத் தொட்டால், பெட்டியே நேராக இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட். நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று சந்தேகமா? பாட்டுக்கு நடுவே வாட்ஸ்அப் ‘டிங்’ ஸ்பீக்கரில் கேட்டால், ப்ளூடூத்தில் இருக்கிறீர்கள்.

ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் ஒரு லேன் கேபிளையே செருகிவிடுங்கள். அதனால் ஒலி இனிமையாகிவிடாது. பாட்டு நடுவில் நிற்காது, அவ்வளவுதான்.

அடுத்து ஆப்பின் செட்டிங்ஸ். ஒலித்தரம் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தது; இருப்பதிலேயே உயர்ந்ததாக மாற்றினேன். ஒலியின் ஏற்ற இறக்கத்தை மாற்றுகிற ஈக்வலைசரைத் திறந்தால், கீழ் ஒலியைத் தூக்கிவிடும் ‘பாஸ் பூஸ்டர்’! பேரன் வேலை. குதிர்ச் சத்தத்தில் பாதி அங்கேயே குறைந்தது.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டிமேல் அச்சடித்திருப்பார்கள்; ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளந்து வைக்கிறது என்ற கணக்கு அது. அதற்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சி.டி. தரமே மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வை, தாண்டிவிடுகிறது. இப்போது நீங்கள் என்னை எஃப்.எம்.மில் கேட்டுக்கொண்டிருந்தால், 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உங்களுக்கு வரவில்லை. இதில் கச்சேரி கேட்டுக் கண் கலங்கியவர்கள்தானே நாமெல்லாம்?

நண்பர் ஒருவர் வீட்டில் வேறு கோளாறு. பாட்டெல்லாம் கரகரவென்று உடைந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால், ஸ்ட்ரீமரை ‘ஃபோனோ’ என்று எழுதிய துளையில் செருகியிருக்கிறார். அது ரெக்கார்டு பிளேயருக்கானது. முள் தருவது சில மில்லிவோல்ட். ஸ்ட்ரீமர் தருவது 2 வோல்ட் வரை. பக்கத்தில் ‘ஆக்ஸ்’ அல்லது ‘சி.டி.’ என்று இருக்கும், அதில் போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஸ்ட்ரீமரின் வால்யூமை முழுதாக வையுங்கள்; அப்புறம் ஆம்ப்ளிஃபயரில் மெல்ல ஏற்றுங்கள். வரிசை மாறினால் ஸ்பீக்கருக்கு ஆபத்து.

இவ்வளவும் ஒரு சாயங்கால வேலை. மிச்சமிருந்த அதிர்வைத் தீர்க்க மூன்று வாரம் ஆயிற்று. காரணம் பெட்டியில் இல்லை, ஹாலில்.

எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர். நடுவில் நின்று ஒரு கை தட்டினால் ‘ட்ர்ர்ர்’ என்று சின்ன எதிரொலி கேட்கும். ஸ்பீக்கர் இரண்டும் ஷோகேஸுக்குள், மூலையை ஒட்டி. சோபா எதிர்ச் சுவரோடு சாய்ந்து. எல்லாம் வீட்டுக்கு அழகு, காதுக்கு வினை.

பன்னிரண்டு அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 94-லும் ஒலி நின்று அலைமோதும். கனத்த ஆண் குரல் கீழ் ஸ்தாயியில் தொடுகிற இடம் அந்த இரண்டாவதுதான். அந்த அலை சுவரை ஒட்டித்தான் அதிகம் குவியும். நாங்களோ சுவரில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்!

சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து விடுவித்து, மேல் ஒலிகளைத் தரும் சின்ன வட்டமான ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி இரண்டு ஸ்டூல்மேல் வைத்தேன். பின்சுவரிலிருந்து இரண்டடி, மூலையிலிருந்து இன்னும் தள்ளி. இரண்டுக்கும் இடையே ஆறடி. சோபாவிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம். தரையில் பழைய ஜமுக்காளம். ஜன்னலுக்குக் கனமான திரை.

மறுபடி ராமநாதன். குதிர் போய்விட்டது. ஆனால் குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. சுவரெல்லாம் பரவிக் கிடந்தது. அது பழைய மோனோ பதிவு. மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான்; பாடகர் இரண்டுக்கும் சரிநடுவில் உட்கார வேண்டும். குனிந்து பார்த்தேன். இடது ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்திருக்கிறது. எத்தனை வருஷமாக அப்படியோ! மாற்றிச் செருகினேன். தம்பூராச் சுருதி அப்படியே நடுவில் வந்து நின்றது. பாடுவதற்கு முன் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “யாரு வந்திருக்கா?” என்றார்.

இப்போது ஒரே ஒரு தொல்லை. வீடு பெருக்க வரும் அம்மா, தினமும் ஸ்டூலைச் சுவரோடு தள்ளிவிடுகிறார். அதனால் தரையில் இன்சுலேஷன் டேப்பில் நான்கு மூலைக்கும் அடையாளம் ஒட்டியிருக்கிறேன். நவராத்திரிக்கு அதே இடத்தில்தான் கொலுப்படி வைக்க வேண்டுமாம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

வணக்கம்.